எடைக் குறைப்பு: ஊசியா, கத்தியா?

வாரம் ஒரு ஊசியில் எடை இறங்குகிறது. ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு இன்னும் இடமிருக்கிறது. முடிவைத் தீர்மானிப்பதில் உடம்புக்கு இருக்கும் பங்கு பணப்பைக்கும் உண்டு.

நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜேட்லி 2014-லும் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். நடையும் பத்தியமும் பலன் தராத பருமனானவர்களுக்கு அன்று வேறு வலுவான வழி இருக்கவில்லை. 2025-ல் காட்சி மாறியது. மார்ச்சில் எலி லில்லியின் மவுன்ஜாரோவும் ஜூனில் நோவோ நார்டிஸ்க்கின் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போலவே வேலை செய்து பசியை அடக்கும் ஊசிகள் இவை. பிறகு கத்தி எதற்கு?

160 செ.மீ. உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பி.எம்.ஐ. 37. சர்க்கரை நோய் இல்லாத பருமனானவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், வெகோவியிலுள்ள செமாக்ளுடைட் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. மவுன்ஜாரோவிலுள்ள டிர்ஸெபடைட் அதிகபட்ச அளவில் 72 வாரங்களில் ஏறக்குறைய 21 சதவீதம் குறைத்தது. அதாவது நம் 95 கிலோ ஆசாமிக்கு 14 முதல் 20 கிலோ. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பலன் குறைவு. அறுவை சிகிச்சையில் 25 முதல் 30 சதவீதம் வரை, சுமார் 24 முதல் 28 கிலோ, குறையலாம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது ஒரு முறை. சிறுகுடலுக்கு மாற்றுப் பாதை போடுவது இன்னொன்று. இரண்டுமே குடல் ஹார்மோன்களையும் மாற்றுவதால், எடை இறங்கும் முன்பே சர்க்கரை கட்டுக்குள் வருவது உண்டு.

சிக்கல் ஊசியை நிறுத்தும்போதுதான். செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே ஆண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை மாதிரி தொடர்ந்து போட வேண்டிய மருந்து இது. மவுன்ஜாரோ அறிமுகமானபோது 5 மி.கி. குப்பியின் விலை ரூ.4,375. வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு சுமார் ரூ.2.27 லட்சம். சில லட்சம் பிடிக்கும் அறுவை சிகிச்சையின் செலவை ஊசி சில வருடங்களிலேயே எட்டிவிடும். செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், அதன் பிறகு உள்நாட்டு நிறுவனங்களின் போட்டி இந்தக் கணக்கை மாற்றக்கூடியது.

காப்பீடும் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டிருக்க வேண்டும். அல்லது 35-ஐத் தொட்டு, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற சிக்கல் இருக்க வேண்டும். அதோடு மற்ற வழிகள் தோற்றிருக்கவும் வேண்டும். அப்போதுதான் அறுவை சிகிச்சைச் செலவைக் கோரலாம். இந்தியர்கள் குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய்க்கு ஆளாகிறார்கள். அதனால் ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கின்றன 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள். இடைப்பட்டவர்கள் கைக்காசைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு வழியிலும் முள் உண்டு. ஊசியால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். பித்தப்பைக் கல், கணையத்தில் வீக்கம் அரிதாக வரும். தைராய்டு புற்றுநோயில் மெடுல்லரி வகை குடும்பத்தில் இருந்தால் ஊசி கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். அறுவை சிகிச்சையில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற ஆபத்துகள் உண்டு. அதன் பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஏற்கெனவே பி12 குறைவாக உள்ள சைவ உணவுக்காரர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. வெட்டியெடுத்த இரைப்பை திரும்ப வராது. ஏப்பமும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்களுக்கு அந்த முறை பொருந்தாமலும் போகலாம்.

பி.எம்.ஐ. முப்பதைச் சுற்றி இருந்து, மாதச் செலவைத் தாங்க முடிகிறவர்கள் ஊசியில் தொடங்குவது பொருத்தமாகலாம். 35-ஐத் தாண்டி, இன்சுலினும் ஏறிக்கொண்டே போகிறவர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நஷ்டம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றின் கதவு அடைபடுவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் எடை ஏறினால் ஊசி கைகொடுக்கும். மருத்துவரிடம் போகும்போது எத்தனை கிலோ குறையும் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஐந்தாவது வருடத்தில் என்ன செலவு, என்ன மருந்து, யார் கவனிப்பு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.