புகையைப் படிக்கும் பீங்கான்

பினாங்குப் பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் கிழக்கே போனால் கெடா மாநிலத்துக் கூலிம் வரும். போர்ஷே நிறுவனம் ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாகக் கார் பூட்டத் தேர்ந்துகொண்ட ஊர் அது. 2022 முதல் அங்கே கயேன் கார்கள் உருவாகி வருகின்றன. மலேசியாவில் விரைவுக் கார்களுக்கு இருக்கும் மவுசுக்கு இதுவே சான்று. ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் போன்ற கார்கள் ஜோர்ஜ்டவுன் சாலைகளில் கடந்து போனால் இளைஞர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். குதிரைத்திறன் எவ்வளவு, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, டர்போ எவ்வளவு அழுத்தம் தரும் என்று பேச்சு வளரும். அந்தப் பேச்சில் இடம்பெறாத ஒரு பொருள் அந்தக் கார்கள் எல்லாவற்றின் புகைக்குழாயிலும் திருகப்பட்டிருக்கிறது. பார்வைக்கு ஸ்பார்க் பிளக் போலத்தான் இருக்கும்.

அதுதான் ஆக்சிஜன் சென்சார். லாம்டா சென்சார் என்றும் சொல்வார்கள். பட்டறைகளில் ஓ2 சென்சார் என்றால் போதும். கார் விரைந்து ஓடவும் வேண்டும், ஊர்க் காற்றைக் கெடுக்கவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் இஞ்சின் ஒருசேர நிறைவேற்றுவது இந்தச் சிறு பொருளின் உதவியால்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் காரைப் பராமரிக்கும் விதமே மாறிவிடும்.

14.7 என்ற எண்

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் அது 12,000 லிட்டருக்கும் மேல். இந்தச் சரிவிகிதத்தை லாம்டா 1 என்று குறிப்பார்கள். காற்று கூடினால் எண் ஒன்றுக்கு மேலே ஏறும். அந்தக் கலவை லீன். பெட்ரோல் கூடினால் ஒன்றுக்குக் கீழே இறங்கும்; அந்தக் கலவை ரிச்.

கலவை ரிச் ஆனால் அரைகுறையாக எரிந்த கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் புகையில் மிகும். வெப்பம் மிகுந்து ஆக்சிஜனும் மிஞ்சினால் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரிய வைத்த புகைமூட்டத்தின் காரணத்தை 1950-களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றார் அவர். ஆண்டு முழுவதும் வெயில் காயும் பினாங்கு போன்ற ஊர்களும் கவனத்தில் கொள்ள வேண்டிய கண்டுபிடிப்பு இது.

இந்த மூன்று நஞ்சுகளையும் ஒரே இடத்தில் முறிக்கவே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. தேன்கூடு வடிவப் பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மெல்லப் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் எரித்து முடிக்க ஆக்சிஜன் தேவை. நைட்ரஜன் ஆக்சைடுகளிடமிருந்தோ ஆக்சிஜனைப் பிடுங்கியாக வேண்டும். எதிரெதிரான இந்த இரு வேலைகளும் ஒன்றாக நடப்பது கலவை லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்கும்போது மட்டுமே. அந்த எல்லைக்குள் நஞ்சில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீங்கும். சற்றே விலகினாலும் ஏதாவது ஒன்று தப்பி வெளியேறும். ஆகவே விலைமதிப்புள்ள உலோகங்களைக் குழாயில் வைத்தால் மட்டும் போதாது. கலவையை ஓயாமல் கவனித்துச் சொல்ல ஒன்று வேண்டும்.

பீங்கானுக்குள் என்ன நடக்கிறது?

சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அதில் இட்ரியம் ஆக்சைடைச் சிறிது கலப்பார்கள். அப்போது அதன் படிக அடுக்கில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகின்றன. பீங்கான் சில நூறு டிகிரி சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலியிடங்கள் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி நகரத் தொடங்கும். சூடான சிர்கோனியா மின்னைக் கடத்தும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டவர் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட். அவர் அதை விளக்கு செய்யப் பயன்படுத்தினார். 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று. அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. மறுபக்கம் புகை. இரு பக்கமும் பிளாட்டினம் பூசியிருக்கும். புகையில் ஆக்சிஜன் அறவே இல்லையென்றால் இரு பக்கங்களுக்கும் இடையே 0.8 முதல் 0.9 வோல்ட் வரை மின்னழுத்தம் எழும். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் அது 0.1 வோல்ட் அளவுக்கு விழுந்துவிடும். லாம்டா 1-ஐக் கடக்கும் இடத்தில் இந்த மாற்றம் செங்குத்தாக நிகழ்கிறது. இஞ்சின் கணினி அதைப் பார்த்து, ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோலைச் சிறிது கூட்டுகிறது, மிஞ்சாவிட்டால் குறைக்கிறது. குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சுவைத்து, உப்பைத் திருத்தி, மறுபடி சுவைக்கிற சமையல்காரரின் கவனம்தான் இது. இங்கே அது இஞ்சின் ஓடும் நேரமெல்லாம் நிற்காமல் நடக்கிறது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976-இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் முதலில் வந்தது. காரின் முன்முகப்பில் 'லாம்டா சொண்ட்' என்று பட்டயம் பொறித்து வோல்வோ பெருமை கொண்டாடியது. அக்காலச் சென்சார் புகையின் சூட்டிலேயே சூடாக வேண்டியிருந்தது. அதுவரை கலவை கண்மூடித்தனமாகவே போகும். 1982-இல் உள்ளேயே மின்சூடாக்கி வைத்த சென்சார்கள் வந்தபின் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறைந்தது. இன்றைய சென்சார்கள் பத்து இருபது வினாடிகளுக்குள் வேலைக்குத் தயாராகிவிடுகின்றன.

விரைவுக் காருக்கு ஏன் கூடுதல் அறிவு வேண்டும்?

அந்தப் பழைய வகைச் சென்சாருக்கு ஒரு குறை உண்டு. ரிச் அல்லது லீன் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். மிதியை அடியோடு அழுத்தும் டர்போ காருக்குப் போதாது. இஞ்சின் அதிகபட்ச விசையைத் தருவது லாம்டா 0.85 முதல் 0.9 வரையிலான கலவையில்தான். கூடுதலாகச் செல்லும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் தணிக்கிறது. அந்த எண்ணில் சிறு பிழை நேர்ந்தாலும் பெட்ரோல் வீணாகும். அல்லது பிஸ்டன் உருகும்.

1990-களின் தொடக்கத்தில் வந்த அகலவீச்சுச் சென்சார் இந்தக் குறையைத் தீர்த்தது. 1992-இன் ஹோண்டா சிவிக் விஎக்ஸ் இதைப் பயன்படுத்திய முன்னோடிக் கார்களில் ஒன்று. இதில் ஒன்றுக்கு இரண்டு சிர்கோனியா அடுக்குகள் இருக்கும். நடுவே மிக நுண்ணிய அறை. புகை அதற்குள் மெல்லக் கசிந்து நுழையும். ஓர் அடுக்கு அந்த அறையிலுள்ள ஆக்சிஜனை அளக்கிறது. மற்றோர் அடுக்கு, அறைக்குள் எப்போதும் லாம்டா 1 நிலை இருக்கும்படி ஆக்சிஜனை வெளியே இறைக்கிறது, அல்லது உள்ளே கொண்டுவருகிறது. இறைக்க எவ்வளவு மின்னோட்டம் ஆனது, எந்தத் திசையில் ஓடியது என்பதிலிருந்து கலவையின் எண் துல்லியமாகக் கிடைத்துவிடும். பாஷின் புகழ்பெற்ற எல்எஸ்யு 4.9 வகைச் சென்சார் இந்த வேலையை ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸ் சூட்டில் செய்கிறது.

ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது வினாடிக்கு 150 முறை எரிப்பு நடக்கிறது. போர்ஷே 911 டர்போ போன்ற கார்களில் டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 1,000 டிகிரி வரை எட்டும். அந்த அனலில் நின்று, அந்த வேகத்தில் கலவையை எண்ணாகச் சொல்கிறது இந்தப் பீங்கான். பல விரைவுக் கார்களில் புகையின் வெப்பத்தை அளக்கத் தனிச் சென்சாரும் உண்டு. டர்போவின் விசிறி தாங்கும் அளவை வெப்பம் தாண்டுமுன் கணினி தலையிட்டுவிடும். சென்சார் விசையைக் குறைக்கிறது என்று குறை சொல்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: இத்தனை சிறிய இஞ்சினிலிருந்து இத்தனை விசையை அச்சமின்றிப் பெற முடிவதே இந்தச் சென்சார்கள் இருப்பதால்தான்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் இருக்கும். அது கன்வெர்ட்டரையே தேர்வு செய்கிறது. கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் பின் சென்சாரின் மின்னழுத்தம் பெரும்பாலும் நிலையாக நிற்கும். பழுதானால் முன்பக்க ஏற்ற இறக்கம் அப்படியே பின்னாலும் தெரியும். அப்போது ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். கணினியில் பி0420 என்ற குறியீடு பதிவாகும்.

பின்சீட்டில் ஓர் ஆய்வகம்

டீசல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கவும் புகைக்கரியை அளக்கவும் தனித்தனிச் சென்சார்கள் உண்டு. ஆனால் சென்சார் சொல்வதைக் கணினி நேர்மையாகப் பயன்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்க் பெஷ்ஷும் அடங்கிய சிறு குழு, அளவுக் கருவிகளைக் காரிலேயே ஏற்றி 2013-இல் கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டியது. ஆய்வகச் சோதனையில் தேறிய ஒரு வோல்க்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. 2015 செப்டம்பர் 18-ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வோல்க்ஸ்வேகனுக்குக் குற்றஅறிவிப்பு அனுப்பியது. சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் இருந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார் வகைகளைச் சாலையில் ஓட்டியும் சோதிக்கிறார்கள்.

பினாங்கின் பங்கு

இந்தக் கதையில் பினாங்குக்குச் சொந்தமான ஒரு பக்கமும் உண்டு. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1970-களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்பார்கள். இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி ஆகியவற்றோடு பாஷும் அந்த எட்டில் ஒன்று. லாம்டா சென்சாரை உலகுக்குத் தந்த அதே பாஷ், 2023 ஆகஸ்டில் பினாங்கின் பத்து காவான் பகுதியில் சில்லுகளையும் சென்சார்களையும் இறுதிச் சோதனை செய்யும் மையத்தைத் திறந்தது. முதலீடு ஏறத்தாழ 6.5 கோடி யூரோ. சென்சார் எத்தனை துல்லியமாக அளந்தாலும் அதைக் கேட்டு முடிவெடுக்கச் சில்லு வேண்டும். காருக்குள் போகும் சில்லு பழுதற்றதா என்று பார்க்கும் வேலை இந்த ஊர்க் கைகளில் இருக்கிறது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதை லீன் என்று சொல்லும். கணினி தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். ஸ்பார்க் பிளக் தேய்ந்து எரிப்பு தவறினாலும் பயன்படாத ஆக்சிஜன் குழாய்க்கு வந்துவிடும். அப்போதும் லீன் என்றே பதிவாகும். இந்த இடங்களில் சென்சார் பழியேற்று மாற்றப்படுகிறது. நோய் அப்படியே இருக்கிறது. சென்சாரை மாற்றச் சொன்னால், ஸ்கேன் கருவியில் அதன் அளவுகளையும் எரிபொருள் திருத்த எண்களையும் காட்டச் சொல்லுங்கள். குழாய்க் கசிவைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

சென்சாருக்கு உண்மையிலேயே பகையானவையும் உண்டு. ஈயம் கலந்த பந்தய எரிபொருள், பொருத்தமற்ற சிலிகோன் பசை, இஞ்சின் ஆயில் எரிந்து வரும் படிவு ஆகியவை பீங்கானின் மேற்பூச்சை அடைத்துவிடும். சூடேறிய பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். 2017 நவம்பரில் பினாங்கு கண்டது போன்ற வெள்ளத்தில் காரை இறக்குவது இதற்கும் ஆபத்து. எரிபொருளிலுள்ள கந்தகம் கன்வெர்ட்டரை மந்தமாக்கும். மலேசியாவில் ரோன் 95 பெட்ரோல் 2020 முதல் யூரோ 4எம் தரத்துக்கு உயர்ந்து, கந்தகத்தின் உச்ச அளவு 500-இலிருந்து 50 பிபிஎம் ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 புகை விதிகள் வந்தபின் புது மோட்டார் சைக்கிள்களிலும் இந்தச் சென்சாரைப் பார்க்கலாம்.

சத்தத்துக்காகவும் சில குதிரைத்திறனுக்காகவும் கன்வெர்ட்டரைக் கழற்றி, பின் சென்சாரை ஒரு துண்டுக் குழாயால் ஏமாற்றும் வழக்கம் விரைவுக் கார் பிரியர்களிடையே இருக்கிறது. பெட்ரோல் இஞ்சின் புகைக்கு மலேசியாவில் 1996-ஆம் ஆண்டிலிருந்தே சுற்றுச்சூழல் விதிமுறைகள் உண்டு. ஆனால் தனியார் கார்களை ஆண்டுதோறும் சோதனைக்கு அனுப்பும் கட்டாயம் இல்லை. கார் கைமாறும்போதுதான் பெரும்பாலும் சோதனை நடக்கிறது. அப்படியானால், ஓடும் நாளெல்லாம் உங்கள் காரின் புகையைச் சோதிப்பது அந்தப் பீங்கான் ஒன்றுதான். அதன் வாயை அடைத்துவிட்டால் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. மூச்சுவிடுவதற்கோ உங்கள் பிள்ளைகளும் தெருவிலிருப்போரும் இருக்கிறார்கள். வேகத்தை விரும்புங்கள், காரை நேசியுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் அந்த வாரமே பட்டறைக்குக் கொண்டுபோய், அது சொல்வதைப் படிக்கச் சொல்லுங்கள்.