தெருப் பந்தும் கார்க் பந்தும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெரு ஆடுகளமாக மாறிவிடும். இரு பக்கமும் வீடுகள், ஒரு கோடியில் ஒரு நெடுஞ்சுவர். அந்தச் சுவரில் கரித்துண்டால் மூன்று கோடுகள் இழுத்தால் ஸ்டம்பு தயார். விக்கெட் கீப்பரும் அந்தச் சுவரேதான். சுவருக்கு அப்பால் சரக்கு ரயில் போகும்போது, அவுட்டா இல்லையா என்று பையன்கள் போடும் கூச்சல்கூட யாருக்கும் கேட்காது.

சென்ற மாதம் ஒரு நாள் எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது, என் மகனுக்குப் பதினொன்று. பெரிய பையன்களின் குழு ஒன்று இருவரையும் கார்க் பந்தில் ஆட அழைத்திருந்தது. "சார், நீங்க காலேஜ்ல ஃபிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறவரு. நீங்களே சொல்லுங்க. ரெண்டும் பந்துதானே? இந்த டென்னிஸ் பந்து எத்தினியோ வாட்டி இவன் மேல பட்டிருக்கு, ஒண்ணும் ஆவல. அந்தப் பந்து பட்டா மட்டும் இன்னா ஆயிடும்?"

நல்ல கேள்வி. வகுப்பில் மோதல் பற்றிப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும், இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. அன்றிரவு காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் நிறையைப் பார்ப்போம். விதிப்படி டென்னிஸ் பந்தின் நிறை 56 முதல் 59.4 கிராம் வரை. பெரியவர்கள் ஆடும் தோல் கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை. பையன்கள் கொண்டுவந்த கார்க் பந்தை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 150 கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. இரண்டு பந்துகளும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர் வேகத்தில் வருகின்றன எனக் கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். டென்னிஸ் பந்துக்கு 8 ஜூல் வருகிறது, கார்க் பந்துக்கு 21 ஜூல். இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இத்தோடு நிறுத்தியிருந்தால், "கொஞ்சம் கூட வலிக்கும், பரவாயில்லை" என்று அந்த அம்மாளுக்கு விடை சொல்லியிருப்பேன். அது பெரும் பிழையாகியிருக்கும்.

ஏனெனில் நம்மைத் தாக்குவது ஆற்றல் மட்டுமன்று. அந்த ஆற்றல் எவ்வளவு தூரத்துக்குள் செலவாகிறது என்பதும் முக்கியம். ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை வரும். டென்னிஸ் பந்தின் உள்ளே வெறும் காற்று. மோதும்போது அது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்துத்தான் நிற்கிறது. 8 ஜூலை 0.02 மீட்டரால் வகுத்தால் 400 நியூட்டன். கார்க் பந்து அப்படி அமுங்குவதில்லை. பந்தும் தோலும் தசையும் சேர்ந்து அரை சென்டிமீட்டர் இடங்கொடுக்கின்றன எனத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 21 ஜூலை 0.005 மீட்டரால் வகுக்க வேண்டும். 4,200 நியூட்டன்! நாற்பது கிலோ எடைக்கும் நானூறு கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கும் உள்ள வேறுபாடு இது. அடிபட்டவன் தலை அசையாமல் நிற்கிறது என்று கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் தலை பின்னால் சாய்வதால் இரண்டு விசைகளுமே குறையும். ஆனாலும் ஒன்று மற்றதைப் போல் பத்து மடங்கு என்ற அளவில் வேறுபாடு நிற்பதை மறுக்க முடியாது.

காகிதக் கணக்கை எதிர்வீட்டு அம்மாளிடம் நீட்டினால் என்ன பயன்? மறுநாள் மாலை திண்ணையில் ஒரு சோதனை செய்து காட்டினோம். வாசகர்களும் செய்து பார்க்கலாம். சிமென்டுத் தரையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் கார்பன் தாளை மைப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து முதலில் டென்னிஸ் பந்தையும், வேறொரு தாளின் மேல் கார்க் பந்தையும் விடுங்கள். டென்னிஸ் பந்து நாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலான வட்டம் ஒன்றைப் பதித்தது. கார்க் பந்து பதித்த கறுத்த புள்ளியோ ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இல்லை. கூடுதல் விசை, அதுவும் மிகக் குறைந்த பரப்பில்! தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை.

அப்படியானால் டென்னிஸ் பந்தால் ஆபத்தே இல்லையா? இங்கேதான் நான் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில் டென்னிஸ் பந்து என் மகனின் இடக்கண்ணில் பட்டது. காற்றடைத்த பந்துதானே என்று ஐஸ் கட்டி வைத்து உட்கார வைத்தேன். மாலையில், "அப்பா, அந்தக் கண்ணுல புகை மாதிரி தெரியுது" என்றான். கண் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். தலையை உயர்த்தியே படுக்க வைத்து, சொட்டு மருந்து விட்டு, நாள்தோறும் கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தார்கள். பார்வை திரும்பிவிட்டது. ஆனால் இத்தகைய அடிக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கண்ணழுத்த நோய் வரக்கூடும் என்பதால் இன்றும் ஆண்டுக்கொருமுறை காட்டி வருகிறோம்.

மென்மையான பந்து எப்படி இதைச் செய்தது? கண்குழியின் வாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலமும் மூன்றரை சென்டிமீட்டர் உயரமும் உடையது. டென்னிஸ் பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல். பந்து கல்லாக இருந்தால் குழியைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்பே பெரும்பகுதி அடியை வாங்கிக்கொள்ளும்; எலும்பு உடைந்தாலும் உடையலாம். மென்பந்து அந்த விளிம்பில் நசுங்கும்போது அதன் ஒரு பகுதி குழிக்குள் பிதுங்குகிறது. கண்ணோ திரவம் நிறைந்த உருண்டை. திரவம் அமுங்காது. முன்னிருந்து பின்னாக அழுத்தினால் பக்கவாட்டில் விரிந்தே தீரவேண்டும். தண்ணீர் நிரப்பிய பலூனை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், புரியும். அந்த விரிவில்தான் உள்ளேயிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழிகின்றன. மண்டைக்கு நல்லதாயிருந்த மென்மை கண்ணுக்கு நல்லதாக இல்லை. கண்ணில் பந்து பட்டால், எந்தப் பந்தாயினும், தேய்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நான் அரை நாளைக் கடத்தினேன். அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

அடுத்தது காலம். கண்ணால் கண்டதற்குக் கை அசையத் தொடங்கப் பெரியவர்களுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். சிறுவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். கையை முகத்துக்குக் கொண்டுவரும் நேரத்தையும் சேர்த்து அரை வினாடி என வைப்போம். மட்டையில் பட்ட பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அந்த அரை வினாடியில் 10 மீட்டர் போய்விடும். ஆகவே மட்டைக்கு 10 மீட்டருக்குள் நிற்கும் பையனிடம், "பார்த்து நில்லுடா" என்று சொல்வதில் பொருளே இல்லை. அவன் பார்த்து முடிப்பதற்குள் பந்து வந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். இந்திய ஆட்டக்காரர் ராமன் லாம்பா 1998-இல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் நின்றபோது பந்து தலையில் பட்டு, சில நாட்களில் இறந்தார்.

எங்கள் தெருப் பையன்களின் சட்டங்களை இந்த வேளையில் பாராட்டத் தோன்றுகிறது. நேராக வீட்டுக்குள் அடித்தால் அவுட். ஒரு பிட்ச் விழுந்தபின் ஒரு கையால் பிடித்தாலும் அவுட். ஜன்னல் கண்ணாடிக்கும் திட்டுக்கும் அஞ்சிப் போட்ட சட்டங்கள்தாம். ஆனால் பலமாக வீசி அடிக்கும் ஆசையை அவை அடக்கிவிடுகின்றன. மேலும் 254 சென்டிமீட்டரிலிருந்து விட்ட புதிய டென்னிஸ் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது விழுந்த ஆற்றலில் ஏறக்குறைய பாதி ஒரே பிட்சில் போய்விடுகிறது. தெருவில் கிழிந்து தேய்ந்த பந்துக்கு இன்னும் அதிகமாகவே போகும்.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்துக்கென்று 1939-இல் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் 'லிட்டில் லீக்' தொடங்கினார்கள். அங்கே ஆடுகளத்தையே குழந்தைகளுக்கேற்பச் சுருக்கிவிட்டார்கள். பெரியவர்களுக்குப் பந்து வீசும் தூரம் 18.44 மீட்டர், சிறுவர்களுக்கு 14 மீட்டர்தான். பந்து எறியும் பையனின் தோளையும் முழங்கையையும் காக்க 2007 முதல் எறிகளை எண்ணுகிறார்கள்; 11, 12 வயதினர் ஒரு நாளில் 85-க்கு மேல் எறியக் கூடாது. வளரும் எலும்பின் முனையில் இருப்பது முற்றாத குருத்தெலும்பு அன்றோ! நம் தெருவிலோ வேகமாக வீசத் தெரிந்த ஒருவன் கிடைத்தால் உச்சி வெயில் வரை அவனையே வீச வைக்கிறோம்.

அந்நாட்டுப் பெற்றோர் அஞ்சும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களின் நெஞ்சுக்கூடு இளகியது. இதயத்துக்கு நேராகப் பந்து பட்டு, அந்த அடி இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில், வினாடியில் நூறில் சில பங்கே நீடிக்கும் கணத்தில் விழுந்தால், எலும்பு ஒன்றும் முறியாமலே இதயம் தாறுமாறாகத் துடித்துச் செயலிழந்துவிடும். மிக அரிது. ஆனால் நேர்ந்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல் அந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தி இதய இயக்க முதலுதவி செய்யத் தொடங்க வேண்டும். ஒருவர் ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். பந்து கடினமாக இருக்க இருக்க இந்த ஆபத்தும் ஏறுகிறது.

தலைக்கவசம் என்ன செய்கிறது? ஓடு அடியைப் பரப்புகிறது; உள்ளேயுள்ள பஞ்சு, நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. கார்பன் தாள் புள்ளியைப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை. 1962-இல் நாரி கான்ட்ராக்டரின் மண்டை பார்படாசில் உடைந்தபோது ஆட்டக்காரர்களுக்கு அது கிடையாது. டெஸ்ட் ஆட்டத்தில் அது வந்ததே 1978-இல்தான். மறைக்காத இடத்தை அது காக்காது என்பதும் உண்மை. 2014-இல் பில் ஹியூசுக்கு அடிபட்டது கவசத்துக்குக் கீழே, கழுத்தில்.

பெரிய பையன்களிடம் இருந்த ஒரே கவசத்தை என் மகன் தலையில் வைத்துப் பார்த்தேன். தலையைத் திருப்பினான், கவசம் திரும்பவில்லை. அதைப் பார்த்ததும் எதிர்வீட்டு அம்மாளே விடையைச் சொல்லிவிட்டார்: "இப்போதைக்கு வேணாம் சார்."

போன ஞாயிறு மட்டையிலிருந்து பத்து மீட்டர் அளந்து தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோட்டுக்குள் யாரும் நிற்பதில்லை. என் மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் சிறுவர் அளவில் இரண்டு கவசங்கள் பார்த்து வரலாம் என்று எதிர்வீட்டு அம்மாளும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.