சத்தமில்லாத படகு

ஒரு டம்ளர் தண்ணீரில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பனிக்கட்டி ஒன்றைப் போட்டுவிட்டு, காதை அருகில் கொண்டுபோங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நல்ல குளிரில் இருந்த கட்டி சட்டென்று சூடு பட்டதும் விரிசல் விடுகிறது, அந்தச் சத்தம்தான். ஒன்றிரண்டு தடவை கேட்கும், அப்புறம் அடங்கிவிடும்.

அண்டார்டிகாவின் கரையோரம் கடலே இப்படிச் சத்தம் போடும். அங்கே அது அடங்குவதே இல்லை. சோடா பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்த 'ஸ்ஸ்ஸ்'. கூடவே பொரி பொரிகிற மாதிரி 'பட் பட்'. ஆனால் பெரிய கப்பலின் மேல்தளத்தில் நின்றால் இதெல்லாம் காதில் விழாது, எஞ்சின் இரைச்சல் விழுங்கிவிடும். கீழே இறங்கி, தண்ணீரை ஒட்டி, எஞ்சின் இல்லாத ஒரு படகில் உட்கார வேண்டும். அந்தப் படகின் பெயர் கயாக்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினாவில், உசுவாயா என்று ஓர் ஊர் இருக்கிறது. நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே கோடைக்காலம். அந்த மாதங்களில்தான் அங்கிருந்து அண்டார்டிகாவுக்குப் பயணக் கப்பல்கள் கிளம்பும். கொந்தளிப்புக்குப் பேர்போன டிரேக் நீரிணையைத் தாண்ட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கரையில் இறங்கிவிட முடியாது. அண்டார்டிகாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் நிறுவனங்கள் 1991-ல் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. ஓர் இடத்தில் ஒரே சமயம் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் விதி. பென்குவின்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடமாயிற்றே! அதனால் சிலர் கரையில் நடக்கும்போது வேறு சிலர் கயாக்கில் ஏறித் துடுப்புப் போடுகிறார்கள்.

கயாக் எப்படி இருக்கும்? ஐந்தாறு மீட்டர் நீளம். அகலமோ ஒரு மீட்டர்கூட இருக்காது. மேல்பக்கம் மூடியிருக்கும். ஆள் உட்கார மட்டும் ஒரு துளை, இருவர் போகும் கயாக் என்றால் இரண்டு துளை. இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை போல மாட்டிக்கொண்டு அதன் விளிம்பைத் துளையைச் சுற்றி இழுத்து மாட்டிவிட்டால், அலை அடித்தாலும் உள்ளே தண்ணீர் வராது. உட்காரும் இடம் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே இருக்கும். கனம் அவ்வளவு தாழ்வாக இருப்பதால்தான் இத்தனை ஒல்லியான படகும் எளிதில் கவிழ்வதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அண்டார்டிகாக்காரர்கள் அல்லர். அங்கே பூர்வகுடிகளே கிடையாது! பூமியின் மறுமுனையில், வட துருவத்தை ஒட்டிய கிரீன்லாந்திலும் கனடாவிலும் அலாஸ்காவிலும் வாழும் இனுவிட், யூப்பிக், அல்யூட் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் படகு இது. 'கயாக்' என்பதே அவர்கள் சொல்தான். அந்தக் குளிர்தேசத்தில் படகு கட்ட மரம் ஏது? கடல் அடித்துக்கொண்டுவந்து கரையில் போடும் கட்டைகளையும் திமிங்கிலத்தின் எலும்புகளையும் வைத்துச் சட்டம் கட்டினார்கள். அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துப் போர்த்தித் தைத்தார்கள்.

அந்தத் தையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊசி குத்தினால் துளை விழும், துளை வழியே தண்ணீர் வரும், இல்லையா? இனுவிட் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஊசியைத் தோலின் பாதிக் கனம் வரை மட்டும் இறக்கி, மறுபக்கம் போகவிடாமல் அப்படியே மேலே எடுத்துவிடுவார்கள். வெளியே இருந்து உள்ளே வரை நேராகப் போகும் துளை ஒன்றுகூட இருக்காது. நூல், விலங்கின் தசைநார். நனைந்ததும் அது ஊதிப் பருத்து, இருக்கிற சிறு துளையையும் அடைத்துவிடும். பள்ளிக்கூடமோ பாடப்புத்தகமோ இல்லாத காலத்தில், தாயிடமிருந்து மகள் கற்ற பொறியியல் இது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எதற்காக இவ்வளவு பாடு? சீலை வேட்டையாட. சீலுக்குக் காது ரொம்பக் கூர்மை, சின்ன சலசலப்புக் கேட்டாலும் முங்கிவிடும். ஆகவே சத்தமே போடாத படகு வேண்டியிருந்தது. வேட்டைக்காகச் செய்த அந்த அமைதிதான் இப்போது பூமியின் மறுமுனையில், வேடிக்கை பார்க்கவும் காது கொடுத்துக் கேட்கவும் பயன்படுகிறது.

சரி, நாமும் ஏறலாமா? முதலில் உடை. அண்டார்டிகக் கரையோரக் கடல்நீர் கோடையிலும் சுழிய டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உப்புத் தண்ணீர் என்பதால் சுழியத்தில் உறையாது, மைனஸ் 1.8 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடா நாட்டு விஞ்ஞானி கோர்டன் கீஸ்பிரெக்ட் '1-10-1' என்று சுருக்கிச் சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசம் இருக்காது, திணறும். அதை நிதானப்படுத்துவதுதான் முதல் வேலை. அடுத்து சுமார் 10 நிமிடம் வரைதான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். 'தண்ணீரில் விழுந்ததும் விறைத்துப்போவார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் முதல் ஆபத்து மூச்சுத் திணறலில்தான் இருக்கிறது. உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் யாரையும் படகில் ஏற்றாததற்கு இதுவே காரணம்.

அந்த மேலங்கிக்கு உள்ளே 'டிரை சூட்' என்று ஒரு முழு உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடித்திருப்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது. ஆனால் அந்த உடை நனையாமல் காக்குமே தவிர, தானாகச் சூடு தராது. நம்பிக்கை இல்லையா? கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பையின் வாய் மட்டும் மேலே இருக்கும்படி வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். பை கையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். நாலாபக்கமும் தண்ணீர் அழுத்துவதால் உள்ளே இருந்த காற்று மேலே போய்விடுகிறது. கை நனையவில்லை, ஆனாலும் ஜில்லென்று இருக்கும். இப்போது ஒரு தடித்த காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அதையே செய்யுங்கள். குளிர் அவ்வளவாகத் தெரியாது. காலுறையின் இழைகளுக்கு இடையே காற்று தங்கிவிட்டது, சூட்டைத் தடுத்து நிறுத்துவது அந்தக் காற்றுதான். கயாக்கில் போகிறவர்கள் டிரை சூட்டுக்குள் கம்பளி உடைகளை அடுக்கிப் போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

இதோ, நேக்கோ துறைமுகம். பேர்தான் துறைமுகம். படகுத்துறை எதுவும் கிடையாது. அண்டார்டிகாவில் உள்ள ஆன்ட்வோர்ட் விரிகுடாவின் ஒரு மூலை, எதிரே கடலுக்குள் இறங்கி நிற்கும் பனியாறு. அதிலிருந்து உடைந்த துண்டுகள் தண்ணீரெங்கும் மிதக்கின்றன. துடுப்பை மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். ஸ்ஸ்ஸ்... பட்... பட்...

நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மலைமேல் பெய்த பனி இது. பூம்பஞ்சு மாதிரி விழுந்த பனித்துகள்களுக்கு நடுவே காற்று இருந்தது. ஆண்டுதோறும் மேலே புதுப்பனி விழுந்து விழுந்து அழுத்த, அடியில் இருந்தது கட்டிப்பட்டது. இடையில் இருந்த காற்று குட்டிக் குட்டிக் குமிழிகளாக மாட்டிக்கொண்டது. பிறகும் பாரம் ஏறிக்கொண்டே போக, குமிழிக்குள் காற்று நெருக்குண்டது. உங்கள் ஃப்ரீசர் கட்டியின் நடுவிலும் வெள்ளையாகக் குமிழிகள் தெரியும். ஆனால் அதன்மேல் மலையளவு பனி ஏறி உட்காரவில்லையே! பனியாற்றுத் துண்டு கடலில் உருகும்போது குமிழியின் சுவர் மெலிந்துகொண்டே வரும். கடைசியில் தாங்காமல் 'பட்' என்று உடையும். உங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவும் பிறப்பதற்கு முன் அடைபட்ட காற்று, உங்கள் காதருகே வெளியே வருகிறது.

தண்ணீருக்குள்ளே இந்தச் சத்தம் இன்னும் பலமாக இருக்கும். அலாஸ்காவின் இரண்டு விரிகுடாக்களிலும், இதே ஆன்ட்வோர்ட் விரிகுடாவிலும் விஞ்ஞானிகள் நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார்கள். 2015-ல் வெளியான அவர்களின் ஆய்வு, உலகக் கடல்களில் இயற்கையாகவே மிக அதிகச் சத்தம் உள்ள இடங்களில் இவையும் சேரும் என்று காட்டியது. எல்லாம் குமிழிகளின் வேலை! அலாஸ்காவில் சீல்கள் இந்த இரைச்சலுக்குள் போய், காதை நம்பி வேட்டையாடும் ஓர்க்கா திமிங்கிலங்களிடமிருந்து ஒளிந்துகொள்ளலாம் என்றும் அவர்கள் கருதுகிறார்கள்.

இதைவிடப் பழைய காற்றும் பனியில் உண்டு. அண்டார்டிகாவின் உட்பகுதியில், டோம் சி என்ற இடத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டுப் பனியை எடுத்திருக்கிறார்கள். அதன் அடிப்பகுதியில் அடைபட்டிருந்த காற்றுக்கு 8 லட்சம் வயது. கரியமில வாயு அதில் எவ்வளவு என்று அளந்து பார்த்தார்கள். தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய அந்த நெடுங்காலம் முழுவதிலும், காற்றின் பத்து லட்சம் துகள்களில் 300-ஐ அது தாண்டியதே இல்லை. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இப்போது பெய்கிற பனி கட்டிப்பட்டு மூடிக்கொள்ளும்போது அதன் குமிழிகளுக்குள் இந்தக் காற்றுதான் மாட்டிக்கொள்ளும். பயணிகளை இவ்வளவு தூரம் சுமந்துவந்த கப்பலின் புகையும் அதில் கலந்திருக்கும். இதை நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

அதோ ஒரு பெரிய பனிப்பாறை. கிட்டே போகாதீர்கள்! மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கம் ஓரிடம் வேகமாகவும் ஓரிடம் மெதுவாகவும் உருகும். அதனால் எடை இடம் மாறி, ஒரு நொடியில் அது குப்புறப் புரளக்கூடும். பாறையின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரமாவது தள்ளியே வழிகாட்டி நம்மைக் கூட்டிப்போவார். புரண்ட பாறைகளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். வழவழவென்று இருக்கும். சிலவற்றில் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளங்கள் ஓடும். உருகும்போது வெளிவந்த குமிழிகள் பாறையை ஒட்டியே மேலே ஏறிப் போட்ட கோடுகள் அவை.

ஜென்டூ பென்குவின் கூட்டம் ஒன்று தண்ணீரை விட்டுத் துள்ளித் துள்ளிப் போகிறது. மூச்சுக்காகத்தான் அந்தத் துள்ளல். பறவைகளிலேயே நீருக்கடியில் மிக வேகமாக நீந்துவது இதுதான், மணிக்கு 35 கிலோமீட்டர் வரை.

'ஃபூஊஊ' என்று ஒரு பெருமூச்சு. கூனல் திமிங்கிலம்! விரல் நீளமே உள்ள கிரில் என்னும் இறால் போன்ற உயிரைத் தின்ன, கோடையில் இங்கே வருகிறது. வழிகாட்டி கையைத் தூக்குகிறார். எல்லாக் கயாக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. இப்போது அவர் ஒரு காரியம் செய்கிறார். துடுப்பால் படகின் பக்கத்தை டக், டக் என்று தட்டுகிறார். நம் படகில்தான் சத்தமே இல்லையே, மேலே ஆள் இருப்பது திமிங்கிலத்துக்கு எப்படித் தெரியும்? அது தெரியாமல் நேர் கீழிருந்து எழும்பிவிடக் கூடாது அல்லவா? டக், டக். சற்றே சாய்ந்து, வெள்ளை வயிறு பச்சைநிறமாக மங்கித் தெரிய, பதின்மூன்று பதினான்கு மீட்டர் நீள உடல் நம் அடியில் மெதுவாகக் கடந்துபோகிறது. சற்றுத் தள்ளி மேலே வந்து மூச்சு விடுகிறது. மீன் வாடை அடிக்கிறது.

கப்பலுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. படகை ஏற்றிவிட்டு மேல்தளத்துக்கு வந்து நிற்கிறோம். எஞ்சின் உறுமத் தொடங்குகிறது. கீழே பனித்துண்டுகள் அப்படியே மிதக்கின்றன, குமிழிகள் வெடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இங்கே நமக்கு எதுவும் கேட்கவில்லை.