பிபிசி மைக்ரோவும் தட்டைத்திரையும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனம், பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ, 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 6502 செயலியையும், அதன் ‘பி’ வகையில் 32 கிலோபைட் நினைவகத்தையும் கொண்ட கணினியாகும். பிரிட்டிஷ் பள்ளிகளில் பரவலாக இடம்பெற்ற இக்கணினி, 1980களின் நடுப்பகுதியில் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்திய வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இயங்கும் நிலையில் உள்ள இத்தகைய கணினிகளுக்கு, அவற்றோடு பிறந்த பருத்த கண்ணாடிக் குழாய்த் திரைகள் இன்று கிடைப்பது அரிதாகிவிட்டதால், அவற்றைத் தட்டைத்திரையோடு இணைக்க வேண்டிய தேவை எழுகிறது.

இந்த இணைப்பில் உள்ள சிக்கலை உணர, பழைய திரை படம் வரைந்த முறையை முதலில் அறிதல் வேண்டும். குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாக ஓடி, கண்ணாடியின் உட்புறப் பூச்சை ஒளிரச் செய்தது. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடி வீதம், விநாடிக்கு 15,625 கோடுகள் வரையப்பட்டன. திரை முழுவதும் விநாடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக நிரம்பியது. பிரிட்டனும் இந்தியாவும் பின்பற்றிய ‘பால்’ தொலைக்காட்சி முறையின் அளவுகள் இவையே. பிபிசி மைக்ரோவும் வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகக் கொள்ள வேண்டியிருந்ததால், அதன் படச் சைகை இதே தாளத்தில் அமைந்தது. ஆனால் 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறை விநாடிக்கு ஏறத்தாழ 31,500 கோடுகளைக் கேட்டது. அதன் வழிவந்த இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவை அதற்குக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை. ஆகவே செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றித் தரும் மலிவான கேபிள், மானிட்டரில் பொருந்தினாலும் படத்தைத் தராது.

பிபிசி மைக்ரோவின் பின்புறத்தில் படத்துக்கென மூன்று வெளியீடுகள் உண்டு. முதலாவது, படத்தை வானொலி அலையில் ஏற்றித் தொலைக்காட்சியின் ஆன்டெனா வாயிலுக்கு அனுப்புவது. இருமுறை உருமாறும் படம் இதில் மிகவும் மங்குகிறது. இரண்டாவது, ஒளி அளவையும் கோடு தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பையும் ஒரே கம்பியில் தரும் ‘காம்போசிட்’ வெளியீடு; இயல்பு நிலையில் இது கறுப்பு வெள்ளைப் படத்தையே தரும். மூன்றாவதான ஆறு முனை ‘ஆர்.ஜி.பி.’ வெளியீடு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் ஒத்திசைவையும் தனித்தனிக் கம்பிகளில் தருகிறது. ஒவ்வொரு நிறமும் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு நிலைகளில் மட்டும் அமைவதால் எட்டு நிறங்கள் பிறக்கின்றன. எழுத்தின் விளிம்புகூடச் சிதையாமல் வெளிவருவது இவ்வழியில் என்பதால், தட்டைத்திரைக்கு இதனையே தேர்வது நன்று. ஆனால் இச்சைகையின் மின்னழுத்தம் 5 வோல்ட் தரத்தைச் சார்ந்தது. பிற்காலக் கருவிகள் எதிர்பார்ப்பதோ 0.7 வோல்ட். எனவே இடையில் உரிய மின்தடைகள் வைத்த கேபிள் இல்லாமல் இணைத்தால் கருவி பழுதடையக்கூடும்.

கோட்டு வேகத்தை உயர்த்தும் மாற்றுக் கருவிகள் இரு வகைப்படும். ‘ஓப்பன் சோர்ஸ் ஸ்கேன் கன்வெர்ட்டர்’ போன்றவை வந்த கோட்டை உடனே இருமுறையோ பலமுறையோ திரும்ப அனுப்புகின்றன. முழுப் படத்தைச் சேர்த்துவைக்காததால் தாமதம் உணரப்படுவதில்லை. மற்றொரு வகை, முழுப் படத்தையும் நினைவகத்தில் வாங்கி, புதிய அளவில் வரைந்து தருகிறது. ஒரு படத்தைச் சேர்க்க 20 மில்லி விநாடி ஆவதால், விரைந்து விசை அழுத்த வேண்டிய விளையாட்டுகளில் இத்தாமதம் ஓரளவு தெரியும். முதல் வகை 50 என்ற படவேகத்தை அப்படியே கடத்துவதால், அதை ஏற்காத மானிட்டரில் பயன்படாது. வாங்கும் முன் மானிட்டரின் விவரக் குறிப்பில் இதைச் சரிபார்ப்பது அவசியம்.

படம் வந்த பின்னும் அது நடுங்கினால், காரணம் பெரும்பாலும் ‘இன்டர்லேஸ்’ எனும் முறையே. ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையும் வரைந்து, இரண்டையும் கண்ணில் ஒன்றாக்கும் உத்தி அது. நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் ‘டிவி’ கட்டளையில் இரண்டாம் எண்ணாக 1 தந்து, பின் திரை முறையை மாற்றினால், வரைகலை முறைகளில் இது நின்று படம் அமைதியடைகிறது. தொலைக்காட்சிவழி எழுத்துச் சேவையான டெலிடெக்ஸ்டின் எழுத்துகளைக் காட்டும் ஏழாம் திரை முறை இன்டர்லேஸை நம்பியே எழுத்தின் வளைவுகளை வழவழப்பாக்குவதால், அங்கு அதைக் கையாளும் பொறுப்பு மாற்றுக் கருவியைச் சேர்கிறது.

இறுதித் தெளிவு சிறிய கணக்கு ஒன்றில் அடங்கியுள்ளது. மிக நுண்ணிய வரைகலை முறையில் இக்கணினி விநாடிக்கு 1.6 கோடி படப்புள்ளிகளை வெளியிடுகிறது. 64 மைக்ரோ விநாடி நீளும் ஒரு கோட்டில் அது 1,024 புள்ளிகளுக்குச் சமம். மாற்றுக் கருவியும் கோட்டுக்கு 1,024 முறை சைகையை அளக்குமாறு அமைக்கப்பட்டால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் நிற்கும். எண் மாறினால் எழுத்துகளின் குறுக்கே மங்கலான பட்டைகள் தோன்றும். ஏழாம் முறைக்கு இந்த எண் 768. ராஸ்பெரி பை சிறுகணினியைக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கிய ‘ஆர்.ஜி.பி. டு எச்.டி.எம்.ஐ.’ கருவி முதலில் பிபிசி மைக்ரோவுக்காகவே எழுந்ததால், இவ்வெண்களை அறிந்தே செயல்படுகிறது. மேலும், அந்த நுண்ணிய வரைகலை முறையின் 640க்கு 256 புள்ளிகள் கொண்ட படம் அகலத்தில் இருமடங்கும் உயரத்தில் நான்கு மடங்கும் ஆகும்போது 1,280க்கு 1,024 என்றாகிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அலுவலகங்களில் நிறைந்திருந்த சதுரச் சாயல் கொண்ட தட்டைத்திரைகளின் அளவும் இதுவே. ஆகவே பிபிசி மைக்ரோவுக்கு விலையுயர்ந்த அகலத்திரையைவிடப் பழைய பொருள் கடையில் கிடைக்கும் அத்திரை பொருத்தமானது.

இவை அனைத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. இக்கணினிகளின் மின்வழங்கிப் பகுதியில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள், அதாவது கபாசிட்டர்கள், வயதாகி மேலுறை வெடித்து, மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்தில் புகைந்துவிடுவது பரவலாக அறியப்பட்ட குறை. நெடுங்காலம் அணைந்து கிடந்த பிபிசி மைக்ரோவை, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு அவற்றை மாற்றிய பின்னரே மின்சாரத்தில் இணைக்க வேண்டும்.