மென்பந்தாட்டம்

அமெரிக்க நாட்டில், கோடைக்கால மாலைகளில் அலுவலகப் பணி முடிந்தபின், உடன் பணிபுரிவோர் ஓரணியாய்க் கூடிப் பிற அலுவலகத்தாருடன் ஆடும் ஆட்டங்களுள் ஒன்று மென்பந்து. 1887ஆம் ஆண்டில் சிக்காகோ நகரப் படகுக் கழகக் கட்டடத்தினுள், குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகக் கட்டித் துடைப்பக் கோலால் இளைஞர் சிலர் அடித்து மகிழ்ந்ததே இதன் தொடக்கம். பெயர்தான் மென்பந்து; மேலே பட்டால் நன்றாகவே வலிக்கும்!

பணியாளர் பெரிதும் விரும்புவது மெதுவீச்சு முறையாகும். அதில் பந்தைக் கையைத் தாழ்த்தி, வில்லென வளைந்து செல்லுமாறு மெல்ல எறிதல் வேண்டும். விரைந்தெறிதல் விதிக்குப் புறம்பு. ஆதலின், பயிற்சி குன்றியோரும் அடித்துவிடலாம். முதிய கணக்கரும் நேற்றுப் பணியிற் சேர்ந்த இளைஞரும் ஒருங்கே ஆடுவது இவ்விதியால்தான். அணித்தலைவர் இளைய எழுத்தராகவும் இருக்கலாம். பகலில் அவருக்கு ஆணையிட்ட மேலாளர், மாலையில் அவர் வகுத்த வரிசைப்படி, மட்டை தம் கைக்கு வருமளவும் காத்திருப்பார்.