அளவையும் நிலைபேறும்: டொனெல்லா மெடோஸ் அம்மையாரின் ஆராய்ச்சி வாழ்வு

வணிகன் ஒருவன் தன் வாணிபம் வளர்கின்றதா தேய்கின்றதா என்பதை அறியக் கணக்கேட்டையே நாடுகின்றான். அக்கணக்கில் வரவு மாத்திரம் எழுதப்பட்டு, முதலிலிருந்து எடுத்துச் செலவிட்டது எழுதப்படாது விடின், தன்னைச் செல்வனென்று எண்ணியவாறே அவன் வறியனாவான். உலக மக்கள் அனைவரும் இத்தகைய குறைக்கணக்கையே வைத்திருக்கின்றனரோ என்னும் வினாவிற்குத் தம் வாழ்நாளை அளித்தவர் டொனெல்லா மெடோஸ் (1941–2001) என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். சூழலை ஒரு தொகுதியாக நோக்கி, மனித வாழ்வின் நிலைபேற்றை மதிப்பிடுதல் இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறையாகப் பயிலப்படுகின்றது. அத்துறையின் அடிப்படைக் கருத்துக்களை இவ்வம்மையாரின் வாழ்வோடு இணைத்து நோக்குவது பயனுடைத்து.

இலினோய் மாநிலத்தில் எல்ஜின் என்னும் ஊரிற் பிறந்த அவர், கார்ள்ரன் கல்லூரியில் இரசாயனவியல் பயின்று 1963ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1968இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பௌதிகவியலிற் கலாநிதியானார். அதன்பின் கணவர் டென்னிஸ் மெடோசுடன் இங்கிலாந்திலிருந்து இலங்கை வரை சென்று மீளும் நெடும்பயணமொன்றை மேற்கொண்டார். பயணம் முடிந்தபின் இருவரும் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தை அடைந்தனர். அங்கே பேராசிரியர் ஜே பொறெஸ்ரர் தொகுதி இயக்கவியல் என்னும் புதிய ஆராய்ச்சி முறையை வகுத்திருந்தார்.

அம்முறையின் உட்பொருளை ஒரு குளத்தைக் கொண்டு எளிதில் விளக்கலாம். குளத்திலுள்ள நீர் இருப்பு. வாய்க்கால் வழியே வருவது உட்பாய்ச்சல். துரிசு வழியே செல்வது வெளிப்பாய்ச்சல். நீர் குறைவதைக் கண்ட காவலன் துரிசை அடைப்பது பின்னூட்டல். அவன் காலந்தாழ்த்திக் காண்பானாயின், அல்லது கண்டபின்னும் அடைக்கத் தயங்குவானாயின், அது தாமதம். இருப்பு, பாய்ச்சல், பின்னூட்டல், தாமதம் என்னும் இந்நான்கினைக் கொண்டு ஒரு தொழிற்சாலையின் போக்கை மாத்திரமன்றி உலகத்தின் போக்கையும் ஆராயலாம் என்பதே பொறெஸ்ரரின் துணிபு.

1970ஆம் ஆண்டில் உரோமைக் கழகம் என்னும் அறிஞர் குழு அத்தகைய ஆராய்ச்சியொன்றை வேண்டிற்று. டென்னிஸ் மெடோசின் தலைமையில் பதினேழு பேர் அப்பணியிலீடுபட்டனர். குடித்தொகை, உணவு உற்பத்தி, கைத்தொழில், சூழல் மாசு, புதுப்பிக்கவியலாத வளங்களின் நுகர்வு என்னும் ஐந்தினையும் ஒன்றோடொன்று பிணைத்து, ‘உலகம் மூன்று’ எனப் பெயரிய மாதிரியுருவைக் கணினியில் அமைத்தனர். அதன் முடிபுகளைப் பொதுமக்களும் உணருமாறு ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் நூலாக ஆக்கியதில் டொனெல்லா அம்மையாருக்கே முதன்மைப் பங்குண்டு. 1972இல் வெளிவந்த அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

வளர்ச்சிப் போக்குகள் மாறாது தொடரின் நூறாண்டுகளுக்குள் உலகம் தன் எல்லைகளை எட்டும். ஆயினும் அப்போக்குகளை மாற்றி நிலைபேறான வாழ்வை அமைத்தல் இயலும். முயற்சி எத்துணை விரைவில் தொடங்குமோ அத்துணைக்கு வெற்றி எளிதாகும். இவையே நூலின் முடிபுகள். இங்கு விரைவு வலியுறுத்தப்பட்டதன் காரணத்தை அந்நூல் எடுத்தாளும் புதிரொன்று தெளிவாக்கும். நாடோறும் இருமடங்காகப் பெருகும் அல்லிக்கொடி ஒரு குளத்தை முப்பது நாளில் முழுவதும் மூடுமாயின், பாதிக்குளத்தை அது மூடுவது எந்நாள்? பதினைந்தாம் நாளன்று, இருபத்தொன்பதாம் நாள். பாதிக்குளம் திறந்திருக்கின்றதே என்று ஆறுதலடைவோனுக்கு எஞ்சியிருப்பது ஒரே நாள்.

நூலுக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. பொருளொன்று அருகும்போது விலை ஏறும், விலை ஏறும்போது மாற்றுப் பொருள் தோன்றும், இதனை ஆசிரியர்கள் போதியளவு கருதவில்லை என்று பொருளியலாளர் பலர் கூறினர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக அறிஞர் மாதிரியுருவின் எடுகோள்களையே மறுத்தெழுதினர். உலகம் முழுவதையும் ஒன்றாகக் கொள்ளும் அம்மாதிரியுரு ஒரு தனி நாட்டின் கதியைக் கூறவல்லதன்று என்பதும் உண்மை. எனினும் அந்நூல் சோதிடமன்று. ‘இவ்வாறு ஒழுகின் இவ்வாறு விளையும்’ என்னும் நிபந்தனைக் கூற்றுக்களின் தொகுதியே அது. 2008இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கிரகம் ரேணர் முப்பதாண்டுத் தரவுகளை அதனுடன் ஒப்பிட்டு, உலகம் சென்ற வழி, போக்குகள் மாறாது தொடரும் நிலைக்கு மாதிரியுரு காட்டிய வழியைப் பெரிதும் ஒத்ததெனக் கண்டார்.

எல்லைகள் உண்டெனக் காட்டியபின், அவற்றை நெருங்குவதை அறிவது எவ்வாறு என்னும் வினா எஞ்சிற்று. 1972 முதல் டாட்மத் கல்லூரியிற் கற்பித்த அம்மையாரின் பிற்கால உழைப்பு இவ்வினாவைச் சார்ந்தே அமைந்தது. 1982இல் கணவருடன் சேர்ந்து, ஹங்கேரியின் பலற்றன் ஏரிக்கரையிற் பன்னாட்டு அறிஞர் கூடும் குழுவொன்றை நிறுவினார். 1983இல் நிரந்தரப் பேராசிரியர் பதவியைத் தாமே துறந்து, எழுத்துக்கும் பன்னாட்டுப் பணிக்கும் தம்மை ஒப்படைத்தார். 1985 முதல் வாரந்தோறும் பத்திரிகைக்கு எழுதினார். பலர் வாழ்நாளெல்லாம் நாடும் பதவியைத் துறந்தது, அறிவு ஆய்வுக்கூடத்தோடு அடங்குதல் தகாது என்னும் அவர் கொள்கைக்குச் சான்றாகும்.

அக்குழுவிற்காக 1998இல் அவர் எழுதிய அறிக்கை நிலைபேற்றின் குறிகாட்டிகளைப் பற்றியது. மொத்தத் தேசிய உற்பத்தி பாய்ச்சலை அளக்கின்றதேயன்றி இருப்பை அளப்பதில்லை. காடு வெட்டப்பட்டு மரம் விற்கப்படின் அக்கணக்கில் வருமானம் ஏறும். காடு குறைந்தமை அதிற் பதியப்படாது. இக்குறையை நீக்கப் பொருளியலறிஞர் ஹேர்மன் டேலியின் கருத்தை அவர் தழுவினார். இயற்கை வளம் அடித்தளம். தொழினுட்பமும் பொருளியலும் இடைப்பட்ட கருவிகள். மக்களின் நல்வாழ்வே முடிந்த பயன். அடித்தளம் தேயாது முடிந்த பயன் பெருகுகின்றதா என்பதை அளப்பதே மெய்யான மதிப்பீடு. டேலி வகுத்த விதிகள் மூன்று: புதுப்பிக்கத்தக்க வளத்தை அது மீளத் தோன்றும் வேகத்தினும் மிகுதியாக நுகரலாகாது, புதுப்பிக்கவியலாத வளத்தை அதற்கு ஈடானது உருவாகும் வேகத்தினும் மிகுதியாக நுகரலாகாது, மாசினைச் சூழல் ஏற்று மாற்றும் வேகத்தினும் மிகுதியாகக் கழிக்கலாகாது.

அளவை மாறின் ஒழுக்கம் மாறும் என்பதற்கு அம்மையார் கூறும் சான்று சுவையானது. ஒல்லாந்தில் அம்ஸ்ரடாம் நகருக்கு அண்மையில் ஒரே வகையாகக் கட்டப்பட்ட வீடுகள் இருந்தன. சிலவற்றில் மின்மானி நிலவறையிலும், வேறு சிலவற்றில் வாயிற்கூடத்திலும் பொருத்தப்பட்டிருந்தது. மின்மானியை நாடோறும் கண்ணுற்ற வீட்டார், ஏனையோரினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவாகவே மின்சாரத்தைச் செலவிட்டனர். விலையும் சட்டமும் மாறவில்லை. செய்தி சென்றடைந்த இடம் ஒன்றே மாறிற்று. ஆயினும் எண்ணத்தக்கவற்றை மாத்திரம் பொருட்படுத்தி, எண்ணவியலாத சிறப்புடையவற்றைப் புறக்கணித்தலாகாது என்றும் அவர் எச்சரித்தார்.

2001ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், தமது ஐம்பத்தொன்பதாவது வயதில், மூளையுறை அழற்சி நோயால் அவர் காலமானார். முதல் நூலின் முப்பதாண்டுத் திருத்தப் பதிப்பு 2004இலும், தொகுதிச் சிந்தனை பற்றிய நூல் 2008இலும் வெளிவந்தன. இரசாயனவியலிற் தொடங்கி உயிர்ப்பௌதிகவியலைக் கடந்து உலகத்தின் கணக்கை ஆராயப் புகுந்த இவ்வம்மையாரின் வாழ்வு, துறைகளுக்கிடையே மதிலெழுப்பிக் கற்கும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி. வருங்காலத்திற் கணக்காளராகவும், பொறியியலாளராகவும், நிருவாகிகளாகவும் அமர்ந்து கணக்கேட்டைத் திறக்கவுள்ள அவர்கள், அதில் எது எழுதப்படாது விடப்பட்டுள்ளது என்று முதலில் வினவுவாராக.