நட்சத்திர விடுதிகளும் திரும்பாத காணிகளும்

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்திருக்கிறேன். இலங்கை போகணும் என்பவர்கள் முதலில் பாசிக்குடா கடற்கரைப் படத்தைத்தான் காட்டுவார்கள். மட்டக்களப்புக்கு வடக்கே, முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், அவ்வளவு சாதுவான கடல். 2004 சுனாமியும் போரும் அதை வெறுமையாக்கியிருந்தன. 2009 மே மாதம் போர் முடிந்தபின் நீச்சல்குளங்களோடு நட்சத்திர விடுதிகள் வரிசைகட்டி எழுந்தன.

2009இல் சுமார் 4.5 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018இல் 23 லட்சத்தைத் தாண்டினார்கள். மறு ஆண்டே ஈஸ்டர் அன்று கொழும்பின் மூன்று பெரிய விடுதிகளில் குண்டு வெடித்தது. அடுத்தது கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி.

யாழ்ப்பாணம் வேறு கதை. 2014இல் ரயில் திரும்பியது. தண்டவாளம் போட்டது நம் நாட்டு இர்கான் நிறுவனம். 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம், 2023இல் நாகையிலிருந்து கப்பல். அந்தக் கப்பல் சேரும் காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி தல்செவன விடுதி இருக்கிறது. நடத்துவது இலங்கை ராணுவம். விடுதி இருக்கும் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் வெளியேறிய குடும்பங்களில் பலருக்கு, ராணுவம் எடுத்துக்கொண்ட காணி இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. வேலியோரம் கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்த ஆலங்கன்றுகள்.

அதனால் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு நல்லூர்ப் பக்கம் ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதியில்தான் அறை போட்டுத் தருகிறேன். வசதி குறைவுதான். காலையில் இடியாப்பமும் சொதியும் கிடைக்கும். வாடகை அந்த வீட்டுக்கே போகும்.